தொட்டிக்குள் நான் வைத்த மலை

மீன் தொட்டிக்கு ஆசைப்பட்டது நான்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் ஒன்று இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அதையே பார்த்தேன். வலி பல்லோடு போய்விட்டது, ஆசை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரரை நச்சரித்து, இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக் கூடத்து ஜன்னலோரம் வைத்தேன். வெயில் படும் இடம் வேண்டாம் என்று அவர் சொன்னார். தெருவில் போகிறவர்கள் பார்க்கவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் எனக்கு வேலை. பிளாஸ்டர் மோல்டுக்குள் களிமண் கரைசலை ஊற்றி, இறுகியதும் பிரித்துப் பொம்மையை எடுப்பது எங்கள் பிரிவு. தேய்ந்த மோல்டுகளைக் கம்பெனியின் பின்பக்கம் கொட்டிவைப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து யானைப் பொம்மை மோல்டின் உடைந்த பாதியை எடுத்துவந்து, அரத்தால் ராவி, முகடு வைத்து, வெள்ளை வெளேரென்று ஒரு மலை செய்தேன். அதைத் தொட்டியின் நடுவில் மணலில் அழுத்தி நிறுத்தினேன். எங்கே வாங்கியது என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். பாண்டிச்சேரியில் வாங்கிய பளிங்கு என்றேன். குப்பையில் பொறுக்கியது என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் எங்களோடு என் நாத்தனாரும் இருந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை. முப்பத்தைந்து வயதாகியும் எல்லோருக்கும் பாப்பாதான். திட்டக்குடியில் கட்டிக்கொடுத்து, பல வருஷம் குழந்தை இல்லாமல், மாமியாரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, புருஷன் ஒரு நாளும் வாயைத் திறக்காமல் இருந்ததில் வெறுத்துப்போய் எங்களிடம் வந்துவிட்டவள். வந்த புதிதில் அறையைவிட்டே வரமாட்டாள். தொட்டி வந்த பிறகுதான் கூடத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள்.

நாங்கள் வாங்கி விட்டிருந்த கப்பி மீன் முட்டை போடாது, குட்டிதான் போடும். பெரிய மீன்கள் அந்தக் குட்டிகளைத் தின்றுவிடும் என்பதுகூட எனக்குத் தெரியாது. பாப்பா அதைக் கவனித்துவிட்டாள். கண்ணில் படாத அளவு சின்னக் குட்டிகளை டீ வடிகட்டியால் பிடித்து ஒரு பாட்டிலில் விட்டு, தீவனத்தை விரல் நுனியில் பொடித்துப் போட்டு வளர்த்து, தேறியதும் தொட்டியில் விடுவாள். அந்த வடிகட்டியில் இனிமேல் டீ வடிகட்ட முடியாது என்று நான் சிடுசிடுத்தேன். அடுத்த வாரமே புதிதாக ஒன்று வாங்கிவந்து வைத்தாள்.

இரண்டு மாதத்தில் தொட்டி கெட்டது. கண்ணாடியில் பச்சையாகப் பாசி ஏறியது. செடிகளின் இலை ஓரத்தில் கருப்பு முடி போல ஏதோ முளைத்தது. வேர் அழுகிச் செடிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, செடிதான் நிற்கமாட்டேன் என்றது. பழைய ஏ.டி.எம். கார்டால் பாசியைச் சுரண்டினேன். வாராவாரம் தண்ணீர் மாற்றினேன். புதுச் செடி வாங்கி நட்டேன், அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தது.

மீன்களை வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று கேள்வி கேட்டார். லைட்டு எத்தனை மணி நேரம் எரியுது, தீனி எவ்வளவு போடுறீங்க, உள்ளே என்ன கல் வைத்திருக்கீங்க. லைட்டைக் காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். அதைச் சொல்லவில்லை. கல்லுக்கு, பளிங்கு என்ற அதே பொய்யை அவரிடமும் சொன்னேன். ஒரு முறை சொல்லிவிட்டால் மாற்றிச் சொல்ல மனம் ஒப்புவதில்லை. தீனி ஒன்றுதான் மிச்சம். அதைப் பாப்பா போடுகிறாள். எனக்குப் பழி போட ஆள் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து தீவன டப்பாவில் பேனாவால் கோடு போட்டுவைத்தேன். வேலைக்குப் போகும்போது ஒரு கோடு, வந்ததும் ஒரு பார்வை. இதை எழுதும்போது கை கூசுகிறது. அளவு குறைந்தது போலத் தோன்றிய ஒரு நாள் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் அதிகமா போடலண்ணி, குட்டிங்களுக்கு ஒரு சிட்டிகைதான் எடுப்பேன் என்றாள். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு அம்மா வந்திருந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, என்ன இது, குட்டை மாதிரி ஆயிடுச்சே என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. பாப்பா அந்த நேரம் பார்த்து, முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, மிதந்த செடியை மணலில் அழுத்திக்கொண்டிருந்தாள். தினமும் அவள் செய்கிற வேலைதான் அது.

"நீ தொடாத பாப்பா," என்றேன். "உன் கை பட்டு எது தழைச்சுது, இது தழைக்கறதுக்கு?"

வாய் தவறி வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவளுக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா தரையைப் பார்த்தார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பாப்பா கையை மெதுவாக வெளியே எடுத்தாள். தரையில் சொட்டிய தண்ணீரைக் குனிந்து முந்தானையால் துடைத்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போனாள்.

பத்து நாளைக்குள் அவளே புருஷனுக்குப் போன் செய்தாள். அவர் ஆப்பிளும் பூவும் வாங்கிக்கொண்டு வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேண்ணி," என்றாள். தொட்டியின் பக்கம் திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பிடித்து, பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பி வெச்சியாமே, அண்ணின்னா இப்படித்தான் இருக்கணும் என்று ஒரு பெரியம்மா கன்னத்தை வழித்தார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். எப்படித்தான் நின்றேனோ தெரியவில்லை.

அவள் போன பிறகும் பாசி போகவில்லை. தீனி இப்போது என் கையில், அதுவும் ஒரு வேளைதான். ஆனாலும் செடி அழுகியது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, மீன்களை வாளியில் விட்டு, தொட்டியைக் காலி செய்தேன். மலையைத் தூக்கியதும் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அடியிலிருந்த மணல் கரிக்கருப்பு. மலையின் அடிப்பாகம் நக்கிய கல்கண்டு போல வழவழவென்று கரைந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டியது. பின்பக்கம் யானையின் காதும் கண்ணும் பதிந்திருந்த குழிகள் மழுங்கிப்போயிருந்தன.

எங்கள் கம்பெனியில் எந்த மோல்டு தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்வதே நான்தான். பொம்மையின் கண் தெளிவாக விழவில்லை என்றால், தண்ணி தின்னுடுச்சு, எடுத்துக் கொட்டு என்பேன். நாளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கரைசலில் இருக்கும் தண்ணீர் பட்டுப் பட்டே தேய்கிற பிளாஸ்டரை, மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே ஊறவைத்திருக்கிறேன். அது கரைந்து கரைந்து தண்ணீரைக் கெடுத்து, மணலைக் கெடுத்து, வேரை அழுக வைத்திருக்கிறது. அழுகின இலையிலும், நாள் முழுக்க எரிந்த லைட்டிலும், ஜன்னல் வெயிலிலும் பாசி கொண்டாடியிருக்கிறது. அவள் கை பட்டு வளர்ந்தவை மீன் குட்டிகள்தான். அவை அத்தனையும் பிழைத்து என் எதிரே வாளியில் ஓடிக்கொண்டிருந்தன. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே போன் செய்திருக்கவேண்டும். செய்யவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். விடு, அவ இப்ப அங்க நல்லாத்தான் இருக்கா என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. தொட்டியை ஜன்னலைவிட்டுத் தள்ளி வைத்தேன். ஆற்றுக் கூழாங்கல்லைக் கழுவிப் போட்டேன். லைட்டை ஏழு மணி நேரத்தோடு நிறுத்தினேன். புதுச் செடிகள் வேர் பிடித்தன. நீளப் புல் போன்ற செடி பக்கத்தில் பக்கத்தில் கன்று விட்டது. அது வளர வளர எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பத்துப் பதினைந்து கன்றுகளைத் தண்ணீரோடு ஒரு கவரில் கட்டி எடுத்துக்கொண்டு திட்டக்குடி பஸ்ஸில் ஏறினேன். பாப்பா இளைத்திருந்தாள். மாமியார் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்ததால், என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அடியில் மண் படிந்து தண்ணீர் நிற்கும் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். யானை மோல்டு, பளிங்கு என்ற பொய், டப்பாவில் போட்ட கோடு, எதையும் விடவில்லை.

"தப்பு என்னுதுதான் பாப்பா. அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்பு."

அப்படியாண்ணி என்று கேட்டுக்கொண்டாள். குட்டி போடுதா என்று விசாரித்தாள். போடுது என்றேன். அத நான் அன்னைக்கே விட்டுட்டேண்ணி, நீங்க ஏன் மனசுல வெச்சிருக்கீங்க என்று சிரித்தாள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. சொல்லிவிட்டேன், மன்னித்துவிட்டாள், முடிந்தது என்று நினைத்தேன். அவசரமாகக் கவரைப் பிரித்து, ஒரு கன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இந்தா, நீயே வையி."

அவள் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கை காய்ந்துதான் இருந்தது. துடைத்த கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"நீங்களே வெச்சிடுங்கண்ணி," என்றாள். "இதாவது தழைக்கட்டும்."

அவள் ஒரு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து ஒவ்வொன்றாக நட்டேன்.