திரும்பி வந்த பிரியாணிப் பொட்டலங்கள்

எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. சந்தையில் பிரியாணிக் கடை போட்டிருந்தார். வீடு திரும்பும்போது எனக்கென்று ஒரு கோழித்துண்டு எடுத்து வருவார். பதிலுக்கு அம்மா எதைக் கொடுத்தாலும் வாசலில் பெரிய வழக்கு நடக்கும்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது, ஒரே ராத்திரி மழையில் பினாங்கு ஆறு பொங்கி ஜெலுத்தோங்கில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கொஞ்சம் மேடு, தப்பித்தோம். அக்காவின் பக்கம் பள்ளம். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் சேற்றில் போயின. சீக்கிரம் கடையைத் திறக்காவிட்டால் சந்தையில் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். தெரு வாட்ஸ்அப் குழுவில் சொல்லி வசூல் செய்து தருகிறேன் என்றார் அம்மா. அக்கா அசையவில்லை.

"சும்மா காசு வேணாம்லா. நான் சமைக்கிறேன், நீங்க வித்துக் குடுங்க."

பள்ளிவாசலிலிருந்து அண்டா வந்தது. சீனக் கோயிலிலிருந்து மேசைகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக் கொல்லையில் சமைக்க, நானும் அம்மாவும் தெருமுனையில் கூடாரம் போட்டு விற்றோம்.

அன்றைக்கு வந்தவர்களை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. மோட்டார் பழுதுபார்க்கும் சீன அங்கிள் பத்துப் பொட்டலத்துக்குப் பணம் போட்டார். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வேறு யாருக்காவது விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். கோடிவீட்டு மக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மாவும் அப்படியே செய்தார். பிறகு வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காசுப் பெட்டி நிறைந்தது, பொட்டலம் குறையவில்லை. எனக்கு அது பெரிய மாயாஜாலம். நல்ல செய்தியை அடக்கிவைக்க முடியாமல் கொல்லைக்கு ஓடினேன்.

"அக்கா! நிறைய காசு வந்துருச்சு! சோறும் அப்படியே இருக்கு!"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"சோறு எடுக்காம போட்டாங்களா? அப்ப அது என்னைப் பாத்துப் பாவப்பட்டுப் போட்டது பாப்பா."

கூடாரத்துக்கு வந்து, பணத்தை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

அம்மா சமாதானம் பேசவில்லை. பொட்டலங்களைப் பிரித்து மேசைகளில் வைத்துவிட்டு, வீடுவீடாகப் போய் ஆட்களை இழுத்துவந்தார். பட்டறை வாசலில் நின்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"அங்கிள், மாக்கான் லா, சாப்பிட வாங்க! வரலைன்னா உங்க காசு உங்களுக்கே!"

அங்கிள் கையில் இருந்த கிரீஸோடு வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மக்சிக் பேரப்பிள்ளைகளோடு வந்தார். மதியச் சாப்பாட்டை முடித்திருந்தவர்களும் மறுபடி உட்கார்ந்தார்கள். அங்கிள் ஒரு தட்டை முடித்து, மூச்சு வாங்கிவிட்டு, தட்டை மறுபடி நீட்டினார். "தம்பா லா!"

இன்னும் போடு என்று ஒருவர் கேட்டதும் அக்காவின் கை தானாகக் கரண்டியை எடுத்தது. பரிமாறிக்கொண்டே சிரித்தார், தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் பெட்டியை அம்மா நீட்டியபோது எந்த வழக்கும் நடக்கவில்லை.

எனக்கு மிஞ்சியது அண்டாவின் அடிச்சோறு மட்டும். ஏற்கெனவே வயிறு நிறைந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து என் கோழித்துண்டையும் தின்றுவிட்டார்கள் என்று அம்மாவிடம் அழுதேன். இவ்வளவு பேராசைக்காரர்கள் இருக்கும் தெருவில் நாம் ஏன் குடியிருக்க வேண்டும் என்றும் கேட்டேன்.