ஆண்டாயியின் கப்பல் பானை

ஆண்டாயி செய்யும் பானை எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அவளுடைய வீறாப்பை அளக்க அண்டா போதாது.

இலங்கையின் வெயில் காயும் தாழ்நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த குயவர் வீட்டுப் பெண் அவள். எழுபதுகளில் கணவன் செல்லையாவோடு கப்பலேறி வந்து, ஊட்டியை அடுத்த கிளென்மார்கன் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியேறினாள். கொழுந்து பறித்த நேரம் போக, ஆற்றோரக் களிமண்ணைப் பிசைந்து பானை பிடிப்பாள். அவர்கள் குலத்தில் பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது. தொடாவிட்டால் போகிறது, விரல் இருக்கிறதே என்பாள். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, சுடுவதற்கு முன் ஊசியால் படம் கீறுவாள்.

முதல் சூளையில் மண்ணைக் கவ்வினாள். வெயில் தேசத்துப் பழக்கத்தில் மேலே தொட்டுப் பார்த்துவிட்டு அடுக்கிவிட்டாள்; மலைப்பனி உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அத்தனையும் வெடித்துச் சிதறின. அன்று அழுதாள். மறுநாளே அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகைச்சூட்டில் பானைகளை உலரவைத்தாள். அதன்பின் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அவற்றில் தலைப்பிள்ளை கப்பல் பானை. வயிற்றைச் சுற்றி அவள் வந்த கப்பல், அதில் மூட்டையும் முடிச்சுமாகச் சனம். ஊட்டியில் கைவினைக் கண்காட்சி என்றதும் அதையும் படம் கீறாத இரண்டு பானைகளையும் மடியில் கட்டிக்கொண்டு போனாள். அங்கே கப்பல் பானையைப் பொம்மை மேசையில் மரக்குதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். வைக்கச் சொன்னவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக் குயவர் நாச்சிமுத்து. பரிசுக்குத் தேர்வு செய்யும் பெரியவரும் அவர்தான்.

"ஏனுங்க அம்மிணி, சக்கரத்துல வெக்காதது சொப்புங்க. பானைன்னு எப்படிங்க சொல்றது?"

ஆண்டாயிக்குச் சுருக்கென்றது. "சோறு வெந்தா பானைதானேங்க?" என்று கேட்டாள்.

டீக்கடையில் கரியடுப்பும் ஒரு சிட்டிகை அரிசியும் வாங்கி வந்தாள். கீறிய இடத்தில் சுவர் மெலிந்திருக்கும், சூடு தாங்காது, வேறு பானையை வை என்று கூட வந்த செல்லையா கெஞ்சினான். இதை நம்பாமல் வேறொன்றை வைத்தால் அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்றாள். சொன்னாளே தவிர, அரிசியும் நீரும் இட்டபின் கப்பலை ஒருமுறை விரலால் தடவிவிட்டுத்தான் தணலில் வைத்தாள்.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பானை மெல்ல முனகியது. செல்லையா கண்ணை மூடிக்கொண்டான். நுரை விளிம்புக்கு ஏறி, கப்பல் மேல் வழிந்து, தணலில் சுர்ரென்றது. பானை விரிசல் விடாமல் கம்மென்று இருந்தது.

நாச்சிமுத்து குனிந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார். பிறகு துண்டால் பானையைப் பிடித்துத் தூக்கி, தாமே கொண்டுபோய்ப் பெரிய பானைகளின் வரிசையில் முதலாவதாக வைத்தார். அடிப்பக்கம் கரியேறிக் கப்பல் பாதி மறைந்திருந்தது. துடைத்துவிடச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார்.

ஆண்டாயி குறுக்கே கை நீட்டினாள்.

"தொடைக்காதீங்க. கரி புடிச்சாத்தாங்க அது பானை."