பிரசவ அறையில் கிரேன் சைகை

ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு செய்திகள் உறுதியாயின. ஒன்று, என் மனைவி வயிற்றில் பிள்ளை. இரண்டு, எங்கள் இருவருடைய மூளையும் கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அவளுக்கு ஆட்டிசம், எனக்கு ஏ.டி.எச்.டி. முதல் செய்திக்கு என் மாமியார் நாசரேத்திலிருந்து லட்டோடு வந்தார். இரண்டாவதற்கு நானே ஒரு கிலோ வாங்கினேன். முப்பத்து மூன்று வருஷமாக ஊரே "கூறுகெட்ட பய" என்று சொன்னதற்கு டாக்டர் ஒரு மரியாதையான பெயர் கொடுத்திருக்கிறார், கொண்டாட வேண்டாமா? வாங்கிய லட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரே ஒரு பயம். சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் ஒரேயடியாக வந்தால் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். அடமும் இல்லை, மயக்கமும் இல்லை. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கும், வார்த்தை மட்டும் வராது. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், இன்னும் மரத்துப்போகவில்லை என்று சொல்ல முடியாமல் முழு வலியையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"பல்லுக்கே அப்படி. பிரசவத்துல நிறுத்துங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று கேட்டாள்.

எனக்கு வேலை துறைமுகத்தில். காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றும்போது மேல்தளத்தில் நின்று கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டுவேன். ஓர் இறக்கை ஆறு பேருந்து நீளம். அங்கே கத்தினாலும் யாருக்கும் கேட்காது, கைதான் பேச வேண்டும். வீட்டில் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிற இந்தப் புத்தி, கிரேனுக்கு முன்னால் மட்டும் நங்கூரம் போட்டு நிற்கும். அவள் கேட்டதும் என் கை தானாக எழுந்தது. உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிறுத்து. சுட்டுவிரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு.

அவள் மூன்றையும் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்தாள். "முதல் ரெண்டும் சரி. தொடாதே, தொடலாம். மூணாவது எதுக்கு?"

"பிள்ளை இறங்குதுன்னு சொல்ல."

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் என் யோசனை ஒன்றை அவள் திருத்தாமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். புது மெத்தையும் புது வாசனையும் ஆகாது என்று இவள் மறுத்துவிட்டதால், தாய்வீடே பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வளைகாப்பும் இங்கேதான். நாற்பது பெண்கள், ஆளுக்கொரு கை சந்தனம், கலகலவென்று கண்ணாடி வளையல். நான் மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் விரல் மேலே சுற்றினால் ஓர் ஆளை அனுப்புவேன், உள்ளங்கை விரிந்தால் வரிசையை நிறுத்துவேன்.

என் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, இவன் என்ன வளைகாப்புல நின்னுட்டு லாரிக்கு வழி விடுதான்?"

"விடட்டும் மதினி," என்றார் மாமியார். "போன தடவ ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துல எம் மவ குளியலறைக்குள்ள போய்க் கதவடைச்சிக்கிட்டா. இன்னைக்கு மணையில இருக்காள்லா."

எட்டாம் மாதப் பரிசோதனையில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பிரசவ அறைக்குள் நானும் வரலாம் என்றார். அங்கிருந்த இளம் நர்ஸ் சைகைகளை அன்றைக்கே கற்றுக்கொண்டு, எனக்கே ஒருமுறை பரீட்சை வைத்தார். மனைவியோ எதையும் நம்பாமல், தொடுமுன் சொல்லவும், பேச்சு நின்றால் கையைப் பார்க்கவும் என்று ஒரு தாளில் அச்செடுத்து ஆஸ்பத்திரிப் பைக்குள் வைத்தாள். பையை வாசலில் வைத்தாள். பைக்கு மேல் 'இதுதான்' என்று எழுதியும் ஒட்டினாள்.

ஒரு காலை, ஒன்பது மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நான் பறந்தேன். ஆட்டோ பிடித்தேன், மனைவியையும் மாமியாரையும் ஏற்றினேன், பையை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் பையைத் திறந்தால் ஹெல்மெட், விசில், ஆரஞ்சு நிறச் சட்டை. என் துறைமுகப் பை. 'இதுதான்' வீட்டு வாசலிலேயே இருந்தது.

"மருமவனே, விசிலாவது ஊதுங்க," என்றார் மாமியார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. தாள் இல்லை. டாக்டரம்மா இன்னும் வரவில்லை. பொறுப்பிலிருந்த மூத்த நர்ஸுக்கு எங்களைத் தெரியாது. மனைவிக்குப் பேச்சு அப்போதே நின்றிருந்தது. மூத்த நர்ஸ் எட்டிப் பார்த்து, "சத்தமே இல்லயே, இன்னும் நேரம் கெடக்கு" என்று சொல்லி, நான் சைகையை விளக்க வாயெடுப்பதற்குள் ஒரு மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

மருந்துக் கடை கீழேதான், போய்வர ஐந்து நிமிஷம். அங்கே ஒருவர், "தம்பி, ரோட்டுல போகுதே நீளமா, அது என்ன இறக்கையா?" என்று கேட்டுவிட்டார். கேட்கலாமா என்னிடம்? கிரேன் கொக்கி வரைக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து மாமியார் குரல் கேட்டது. "மருமவனே, பிள்ளை வருதுய்யா."

நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். இளம் நர்ஸ் பணிக்கு வந்ததும் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்திருக்கிறார். கட்டில் ஓரத்தில் சுட்டுவிரல் கீழே காட்டிச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. "அக்கா, தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். விரல் மேலே திரும்பியிருக்கிறது. பார்த்தால் தலை தெரிகிறது. உடனே டாக்டரம்மாவுக்கு ஆள் ஓடியிருக்கிறது.

நான் உள்ளே நுழைந்தபோது டாக்டரம்மா வந்து நின்றிருந்தார். மனைவி என்னைப் பார்த்தாள். என் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று காற்றில் இறக்க ஆரம்பித்தன.

"கையைக் கீழ போடுங்க," என்றார் டாக்டரம்மா. "இங்கன நான் கிரேன் ஓட்டல."

போட்டேன். என் மகள் என் உதவி இல்லாமலேயே, மிக அழகாக இறங்கினாள். சத்தத்தைப் பொறுத்தவரை அவள் அம்மாவின் பிள்ளை இல்லை, என் பிள்ளை. நான் அழுதேன், சிரித்தேன், மூத்த நர்ஸிடம் மருந்தைக் கொடுத்தேன். அது இனித் தேவையில்லை என்றார். அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. "எனக்கும் அந்தக் கை வித்தையைச் சொல்லிக் குடு" என்று இளையவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

மறுநாள் காலை நான் இட்லியோடு போனபோது, நான் பார்த்தேயிராத வேறொரு நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். நான் அவசரமாக எழுந்து, வாயில் இட்லியோடு விளக்கத் தொடங்கினேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டிலிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"அக்கா, வலது கையத் தொடப்போறேன். சரியா?"

மனைவி கையை நீட்டி, வாய் திறந்தே சொன்னாள்: "சரி, தொடுங்க."

கட்டில் கால்மாட்டில் தொங்கிய ஆஸ்பத்திரிக் குறிப்புத் தாளில், முதல் வரியாக, பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: தொடுமுன் கேட்கவும்.

நான் உட்கார்ந்து இட்லியை விழுங்கினேன்.