சாரி கார்டு எங்க சார்?

இடஒதுக்கீட்டு மறியல் என்பதால் இன்று காலை கள்ளக்குறிச்சி எல்லையிலேயே எல்லா வண்டிகளையும் நிறுத்திச் சோதித்தார்கள்.

என் பைக்கின் பின்பக்கத்தைப் பார்த்ததும் பெண் காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம்தான் மெக்கானிக்கிடம் சொல்லி அங்கிருந்ததையெல்லாம் கழற்றிக் குட்டையாக்கியிருந்தேன். நாற்பத்தைந்து வயதில் இந்த ஸ்டைல் தேவையா என்று, படம் போட்டபோது இங்கே நீங்களும் கேட்டீர்கள்.

"மட்கார்டு இல்ல, சிவப்பு ரிப்ளெக்டர் இல்ல. சாரி கார்டு எங்க சார்?"

"கழட்டிட்டேன் மேடம்."

"அது கண்டிப்பா இருக்கணும். வூட்டுக்காரம்மா பின்னாடி குந்திக்கினு வரப்போ சேலை சக்கரத்துல மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்க?"

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது என்று நடுரோட்டில் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். "இன்னிக்கே மாட்டிடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

நேராக அதே மெக்கானிக்கிடம் போனேன். பழைய இரும்புக் குவியலிலிருந்து, கழற்றிய எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். சாரி கார்டின் அடியில், கால் வைக்கிற கம்பியில் பெயிண்ட் தேய்ந்து வெளுத்திருந்தது. கரியாலூர் மலை ஏறும்போதும் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து அவள் ஊன்றி வந்த இடம். அதைப் பார்க்க முடியாமல்தான் கழற்றச் சொன்னேன். ஸ்டைல் என்பது உங்களுக்குச் சொன்ன கதை.

"புதுசா பெயிண்ட் அடிச்சிடலாங்களா?" என்றார் மெக்கானிக்.

"வேணாங்க. அப்படியே மாட்டுங்க."

இப்போது என் வண்டி சட்டப்படி சரியாக இருக்கிறது. பின்சீட்டு காலியாக இருந்தால் என்ன செய்வது என்று அந்தச் சட்டத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.