அக்கா படித்துக் காட்டிய கடிதங்கள்

ஒட்டிய உறையின் ஓரத்தில் கொண்டை ஊசியை நுழைத்து மெல்ல இழுத்தால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து சுவரோரம் உட்காருவாள். உறையைப் பிரிப்பது எப்போதும் பிலோ அக்காதான். பிரித்ததும் படித்துவிட மாட்டாள். தாளைத் தனக்குள் ஒரு முறை பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, கோயிலில் வாசகம் வாசிப்பவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்குவாள்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம், புதாற்றுத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. அப்பா மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை, பிலோ இருந்தாளே.

அக்கா படிக்கும் அப்பா நிறையப் பேசுவார். ‘உன் இடுப்பு வலி தேவலையா? நடவு வயலில் ரொம்ப நேரம் குனிந்து நிற்காதே’ என்பார். மழைக்கு மேற்குச் சுவர் ஒழுகுமே என்று கவலைப்படுவார். நீ வைக்கும் விரால் குழம்பு நாக்கிலேயே நிற்கிறது என்பார். ‘சின்னவள் இப்போது என்ன உயரம்? அவளுக்கு வாசனை ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன்’ என்பார். அந்தச் சின்னவள் நான். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போதும், அந்த இடத்த இன்னொரு தடவ படி” என்பாள். அக்கா மறுபடி படிப்பாள். இரண்டாம் முறை வார்த்தைகள் சற்று மாறியிருக்கும். எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஐப்பசியில் வந்த கடிதத்தில் ‘கிறிஸ்துமசுக்கு வரப் பார்க்கிறேன்’ என்று இருந்ததாக அக்கா படித்தாள். அம்மா அந்தச் செய்தியோடு தெருவெல்லாம் போய் வந்தாள். மழை விட்டதும் சுண்ணாம்பு நீற்றி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தாள். தெற்குச் சுவர் முடிந்து, மேற்குச் சுவரில் பாதி வந்திருந்த அன்று அடுத்த கடிதம் வந்தது.

அன்று காலை என் சிவப்பு ரிப்பனை அக்கா கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமான ஆத்திரம். அவள் படித்து முடித்துத் தாளை மடிக்கப் போகையில் பிடுங்கினேன். வாசனை ரப்பர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மொத்தம் ஆறு வரிகள். ரப்பர் இல்லை. என் பெயர் இல்லை. அக்கா பெயரும் இல்லை.

“அம்மா, இவ பொய் படிக்கிறா! அப்பா இதெல்லாம் எழுதவே இல்ல!”

கேட்டு முடித்து எழுந்திருந்த அம்மா சுண்ணாம்பு மட்டையும் கையுமாக நின்றாள். முழங்கை வரை சுண்ணாம்பு. அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “நீ படி” என்றாள். அப்போதுதான் அக்கா நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் நான் படித்தேன். திக்காமல் படிக்கிறோம் என்ற பெருமைகூட இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

‘நலம், நலமறிய ஆவல். தாளடி நட்டாயிற்றா? உன் அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி போகாதே. பிள்ளைகளைக் கண்டித்து வளர். முன்பே எழுதியபடி இந்த வருஷமும் வர முடியாது. வேறு விசேஷம் இல்லை.’

அம்மா திரும்பிப் போய் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, மீதிச் சுவரையும் அடித்து முடித்தாள். பாதியில் விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு இடம் விடாமல், மூலைகூட விடாமல் அடித்தாள். கை கால் கழுவிக்கொண்டு வந்து அக்காவிடம், “எத்தன நாளா இப்படி?” என்று கேட்டாள்.

“மொதல்லேர்ந்து.”

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “இனிமே சின்னவ படிக்கட்டும்” என்றவள் என் பக்கம் திரும்பி, “உள்ளத மட்டும் படி” என்றாள்.

அப்படி அந்த வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வருஷம் படித்தேன். நான் படிக்கத் தொடங்கிய பிறகு அம்மா சுவரோரம் உட்காருவதில்லை. அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொள்வாள். ஒரு முறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது, ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் படிக்க ஆசைப்பட்டேன். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு உள்ளதை மட்டும் படித்தேன். கொல்லைப் பக்கம் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்கா எனக்கு உதவிக்கு வரவில்லை. என்னோடு சண்டையும் போடவில்லை. தலை பின்னிவிடுவாள், சோறு போட்டுக் கொடுப்பாள், பேச மட்டும் மாட்டாள்.

அப்பா வந்தார். அக்கா படித்துக் காட்டிய அப்பா வரவில்லை, ஆறு வரி எழுதிய அப்பாதான் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பேசத் தெரியாதவர். நர்சிங் படிக்கக் கிளம்பிய நாளில், தஞ்சாவூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் அக்கா என்னிடம், “அம்மாவுக்காக மட்டும்தான் அப்படிப் படிச்சேன்னு நெனச்சியாடி? எனக்கும் அந்த அப்பா வேணும்னு இருந்துச்சு” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் எத்தனையோ பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நல்ல சமயம் ஒன்று வரும் என்று இருந்துவிட்டேன்.

போன ஐப்பசியில் அக்கா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதாம் நாள் இல்லை. கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த மகள் ஜெனிக்கு ஐந்து வயது. அடக்கத்தன்று குழந்தையைப் பக்கத்துத் தெருவில் விட்டிருந்தார்கள். ‘அம்மா எங்கே’ என்று அவள் கேட்டபோது அத்தானுக்கு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா இரண்டு வருஷம் குவைத்தில் நர்சாக இருந்தவள். அந்தக் கதையை ஜெனியும் கேட்டிருக்கிறாள். நம்பினாள். போனில் பேசச் சொன்னாள். அங்கே டவர் இல்லை என்றார் அத்தான். அவளுடைய பாடப் புத்தகத்தில் தபால்காரர் படம் இருக்கிறது. “அப்ப லெட்டர் போடச் சொல்லுங்கப்பா” என்றாள்.

அத்தான் என்னிடம் வந்தார். “ரீட்டா, உன் எழுத்தும் அவ எழுத்தும் ஒண்ணு போலவே இருக்கும். ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடும்மா. புள்ள ஒண்ணாங்கிளாஸ் போகட்டும், அப்பறம் நானே சொல்லிக்கிறேன்.”

உட்கார்ந்தேன். வராது என்று நினைத்தது தடையில்லாமல் வந்தது. ‘அம்மா இங்கே நன்றாக இருக்கிறேன், நகத்தைக் கடிக்காதே, அப்பாவை இரட்டைப் பின்னல் போட்டுவிடச் சொல்’ என்று ஒரு பக்கம் நிறைந்தது. கடைசியில் ‘சீக்கிரம் வந்துவிடுவேன்’ என்று கை தானாக எழுதிய இடத்தில், மேற்குச் சுவருக்கு முன்னால் சுண்ணாம்புக் கையோடு நின்ற அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. தாளைக் கிழித்தேன்.

“எழுத வரலயா?” என்றார் அத்தான்.

“வந்துடுச்சு அத்தான். அதான் பயமா இருக்கு.”

மறுநாள் காலை, அத்தான் ஜெனியை மடியில் வைத்துக்கொள்ள, உள்ளதை நான்தான் சொன்னேன். இந்த முறையும் நானேதான். ஜெனி என் கையைத் தட்டிவிட்டாள். “சித்தி பொய் சொல்றா” என்று கத்தினாள். இரண்டு வாரம் என் பக்கம் திரும்பவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரியும்.

இப்போது எங்கள் ஊர் வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்கா இட்டுக்கட்டிய வரிகளை அறிந்த ஒரே ஆள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஜெனி படிக்கும் வயதுக்கு வரும்வரை நானும் இருப்பேன் என்பது என்ன நிச்சயம்? அவளிடம் எல்லோரும் ‘உன் அம்மா தேவதை’ என்கிறார்கள். நான் அக்கா கிள்ளுவதை, ரிப்பன் திருடுவதை, கோபம் வந்தால் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதைச் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே மெல்ல என் பக்கம் நகர்ந்து வர ஆரம்பித்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்: “அம்மா பொய் சொல்லுவாங்களா சித்தி?”

“சொல்லுவாங்க” என்று கடிதக் கதையைச் சொன்னேன். கடைசிவரை அசையாமல் கேட்டாள்.

“அப்பறம் ஒங்கப்பா வந்தாங்களா?”

“வந்தாங்க.”



“எங்கம்மா வரமாட்டாங்கல்ல?”

“வரமாட்டாங்க கண்ணு.”

சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு அம்மா வேறு என்னவெல்லாம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று கேட்டாள்.