ஊசி நுழையும் சந்து

அக்கா போன பிறகு மாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்கள் எல்லாம் கலைந்ததும் கைகால் கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போய் அரத்தைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். லிப்ட் பழுது பார்க்கிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'அரை வார்த்தை'. பேசினால் முத்து உதிர்ந்துவிடும். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே நின்று "ம்" என்பாராம்.

பின்னறை முழுக்கப் பொம்மை ரயில். பொம்மை என்றால் அவருக்குப் பிடிக்காது, மாடல் என்று சொல்ல வேண்டும். தண்டவாளத்தைக் கடையில் வாங்க மாட்டார். அளவுப் படத்தைப் பலகையில் ஒட்டி, மேலே குறுக்குக் கட்டைகளை அடுக்கி, கம்பியை ராவிப் பற்றவைப்பார். முன்னறையில் அக்காவின் தையல் மிஷின். இருவருக்கும் நடுவில் இருந்த கதவு திறந்தேதான் கிடக்கும்.

ஒரு பிறந்தநாளுக்கு அக்கா அவருக்குக் குட்டிப் பச்சை எஞ்சின் ஒன்று வாங்கி வந்தாள். கடையில் இருந்ததிலேயே அழகானது. பாதையில் வைத்தால் சக்கரம் இரண்டு கம்பிக்கும் நடுவில் விழுந்தது. அது அகலம் குறைந்த பாதையில் ஓடுகிற ரகம்.

"இது இங்க ஓடாது" என்றார் மாமா. அவர் கணக்கில் அது பெரிய சொற்பொழிவு.

அக்கா சிரித்துக்கொண்டே எஞ்சினை அலமாரியில் வைத்தாள். ஆனால் மனசிலும் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட என்னிடம், "உங்க மாமாவுக்குன்னு ஆசையா ஒண்ணு வாங்கினேன். அதையும் தப்பா வாங்கிட்டேன்டா" என்றாள். மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு நாள் அதிகம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுபோவேன். முன்னறைக் கதவு சாத்திக் கிடக்கும். மாமா பாதைக்குள் மூன்றாவது கம்பி போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்துக் கம்பி இரண்டு ரயிலுக்கும் பொது. பெரியதற்கு எதிர்க்கம்பி, பச்சை எஞ்சினுக்கு நடுக்கம்பி. நேர்ப்பாதையில் எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஸ்டேஷனுக்குள் திரும்ப வேண்டிய பாயிண்டில்தான், அதாவது பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான், மக்கர் செய்தது. கம்பிகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் ஏறிக் கவிழும். இதைப்போல இரண்டு மடங்கு பெரிய மாடல் ஒன்றுக்கான பாயிண்ட் படத்தைப் பாதியளவுக்குச் சுருக்கித்தான் பலகையில் ஒட்டியிருந்தார். இரண்டு அகலமும் நூல் பிசகாமல் சரியாக இருந்தன. ஆனாலும் கவிழ்ந்தது. பிரிப்பார், மறுபடி போடுவார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லலாம், மரத்துப்போனவருக்கு என்ன சொல்வது?

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க மாமா. தனியா கிடந்து என்ன பண்றீங்க?"

"இது உள்ள வரட்டும்."

ஒவ்வொரு வாரமும் இதே பதில். ஒரு ஞாயிறு எஞ்சின் என் கண்முன்னால் கவிழ்ந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்காவே போய்ட்டா. நீங்க என்னடான்னா இதை உருட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க. இந்தப் படத்தையும் ஜெராக்ஸ் கடையிலதான் சின்னதாக்கினீங்களா, என் பொண்ணு கவுன் மாதிரி?"

குத்திக்காட்டத்தான் சொன்னேன். என் மகள் குழந்தையாக இருந்தபோது, அக்காவுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, பெரிய பெண்களின் கவுனுக்கு வெட்டிய மாதிரிக் காகிதத்தை மாமா ஜெராக்ஸில் சின்னதாக்கிக் கொண்டுவந்தார். அக்காவும் நம்பித் துணியை வெட்டினாள். தையலுக்கு விடுகிற ஓரமும் சேர்ந்து சின்னதாகியிருந்தது. ஓரத்தோடு தைத்தால் பிரிந்தது, உள்ளே தள்ளித் தைத்தால் குழந்தைக்கு நுழையவில்லை. "உடம்பு சின்னதாகும், ஊசி சின்னதாகுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவர் மானத்தை வாங்கினாள்.

மாமா அரத்தைக் கீழே வைத்தார். குனிந்து, கம்பிகள் வெட்டுகிற இடத்தில் சக்கரத்தின் விளிம்பு நுழைந்து போவதற்காக விட்டிருந்த சந்தை அளந்தார். பிறகு எஞ்சினைத் திருப்பிச் சக்கரத்தின் உள்விளிம்பை அளந்தார். படத்தோடு சந்தும் சுருங்கியிருந்தது. சக்கரம் கடையில் வாங்கியது, அதன் விளிம்பு யாருக்காகவும் சுருங்கவில்லை. நுழைய இடமில்லாமல்தான் இத்தனை நாளும் ஏறிக் கவிழ்ந்திருக்கிறது.

"அதே தப்பு" என்றார்.

எழுந்து போய் முன்னறைக் கதவைத் திறந்தார். மிஷின் மேல் தூசி படிந்திருந்தது. அக்காவின் ஊசி டப்பாவைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஊசியாக அளந்தார். கோட்டுக்குப் பட்டன் தைக்கிற தடித்த ஊசி சரியாக இருந்தது. கம்பிகளை இளக்கி, அந்த ஊசியைச் சந்தில் வைத்து, அதன் தடிமனுக்கு இடம் விட்டுத் திரும்பப் பற்றவைத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பச்சை எஞ்சின் மெதுவாக வந்தது. பாயிண்டில் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், ஸ்டேஷனுக்குள் வந்து நின்றுவிட்டது.

மாமா சிரிக்கவில்லை. ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். அக்கா அப்படித்தான் குத்திக்கொள்வாள்.

"தப்பா வாங்கிட்டேன், தப்பா வாங்கிட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நீயே பாரு. தப்பாவா வாங்கியிருக்கா?"

"இல்ல மாமா."

"அவகிட்ட நான் அதைச் சொல்லலடா" என்றார்.