சசிகலா வரைந்த மாதப்பன்

என் ஓரகத்தி சசிகலாவுக்குப் படம் வரையும் பைத்தியம் பிடித்ததற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், எங்கள் வீடு இப்படி டர்பன்டைன் நாற்றம் அடித்திருக்காது.

அவருடைய தம்பி மாதப்பன், சசிகலாவின் புருஷன், பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன். போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். வேலை செய்த கட்டடம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று என் வீட்டுக்காரர் அலையாத இடமில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. சசிகலா தாலியும் பொட்டுமாகப் பாப்பாரப்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போய், மகள் தமிழரசியைப் படிக்க வைத்தாள்.

தமிழரசிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அப்பா எங்கே? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவன் படத்தைப் பெருசா ஒண்ணு போட்டு, பொட்டு வெச்சு, மாலை போட்டு, காரியத்தை முடிச்சிரலாம்மா. இன்னும் எத்தன நாளைக்கு?"

உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் சந்தனப் பொட்டு வைக்கமாட்டார்கள். பொட்டு வைத்தால் சசிகலா தாலியைக் கழற்ற வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

அவள் அழவில்லை. "படத்தை நானே வரையறனுங்க மாமா, ஆயில் பெயிண்டிங்ல. அதுவரைக்கும் பொறுங்க" என்றாள்.

வரையத் தெரியுமா மகராசிக்கு? ஒரு மண்ணும் தெரியாது! ஸ்டுடியோவில் போட்டோவை வெட்டி லேமினேஷன் போடுகிறவள். போனில் வீடியோ பார்த்தே பழகினாள். போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவாள். முதலில் என்னைத்தான் வரைந்தாள். பார்த்தால் மீசை மழித்த எங்கள் மாமனார்! "ஏ சசி, இதை எங்கியாச்சும் மாட்டி வெச்ச, கொன்னுபுடுவேன்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாதப்பனுடைய படத்தில் அந்தச் சிரிப்பெல்லாம் வற்றிப்போனது. அவனுக்கு உருப்படியாக இருந்தது பேங்குக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும்தான். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்தது, மூக்குக்குக்கூட நிழல் இல்லை. நிழல் இல்லாமல் முகம் எழும்பாது என்பாள். ஸ்டுடியோவிலிருந்து வந்து, மாட்டைக் கட்டி, சோறாக்கி, அதற்குமேல் பிரஷ்ஷை எடுப்பாள். வரைந்ததைக் கத்தியால் சுரண்டுவாள், மறுபடி வரைவாள். முடிந்ததா என்று கேட்டால் "இன்னும் காயலக்கா" என்பாள். அவள் வரையப் பழகுகிறாளா, நாளைக் கடத்துகிறாளா? எனக்கு அலுத்துப்போய்விட்டது. அவளைப் பார்த்தால் அவளுக்கும்தான்.

கடைசியில் நிழல் பிடிபடவில்லை என்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உட்கார வைத்தாள். "மாமா, அப்படிக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. உங்களுக்கும் அவருக்கும் ஒரே எலும்பு." அவரும் டீ டம்ளரோடு முனகிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயம் தீர்த்தமலைப் பக்கம் நல்ல இடம் ஒன்று கூடி வந்தது. தங்கமான மனிதர்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: பத்திரிகையில் பெண்ணுடைய அப்பா பேருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடுவதா, வேண்டாமா? எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்டி, உனக்குப் பொண்ணு வாழ்க்க முக்கியமா, இந்தத் துணி முக்கியமா? வர்ற வெள்ளிக்கெழம படம் வெளிய வந்தாகணும்" என்று கத்தினேன். "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சந்தனம் கரைத்து வைத்தேன். சம்பங்கி மாலையை நானே கட்டினேன். சசிகலா படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்து, மூடியிருந்த துணியை எடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டோவில் இருந்த வாலிபன் அதில் இல்லை. காதோரம் நரைத்து, கன்னம் இறங்கி, கண்ணுக்குக் கீழே பை விழுந்த ஓர் ஆள், வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? இருக்கிற போட்டோவப் பாத்து வரையாம கெழவனாக்கி வெச்சிருக்கற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போறப்ப முப்பத்தாறு வயசுங்க மாமா. இப்ப இப்படித்தான இருப்பாரு."

"செத்தவனுக்கு ஏதும்மா நரை?"

"அதத்தானுங்க நானும் யோசிக்கறேன். வரைய வரைய நரைச்சுக்கிட்டே போறாரு, நான் என்ன பண்ணட்டும்?" அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் ஓஞ்சு போச்சுங்க. பொட்டு வெக்கறதுன்னா வெச்சிருங்க. நான் தடுக்கல. தாலிய இன்னிக்கே கழட்டிடறேன்."

என் வீட்டுக்காரர் விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் குனிந்தார். இரண்டு முகமும் பக்கத்தில் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நரை, இறங்கின கன்னம், கண்ணுக்குக் கீழ்ப் பை எல்லாமே என் வீட்டுக்காரருடையது. அந்த நெற்றியில்தான் பொட்டு விழப்போகிறது.

"ஐயோ, வேண்டாங்க! கைய எடுங்க!" என்று அலறிவிட்டேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். சந்தனமெல்லாம் என் புடவையில் அப்பியது. அடுப்படியிலிருந்து தமிழரசி ஓடிவந்து என்னவோ ஏதோ என்று பார்த்தாள்.

சசிகலா உட்கார்ந்த இடத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"ஒரு நிமிசங்கூட உங்களால தாங்க முடியல பாத்தீங்களாக்கா" என்றாள்.

பையன் வீட்டுக்கு நானே போன் போட்டேன். "எங்க கொழுந்தனார் பேரச் சும்மா திரு மாதப்பன்னே போடுங்க. யாராச்சும் ஏன்னு கேட்டா எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்றேன்.